ஸ்பீல்பெர்க் படத்துக்கு வித்திட்ட எர்ஜே: போர் நிழலில் பிறந்த டின்டின் புதையல் கதை

ஹாலிவுட் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் இயக்கத்தில் 2011-ஆம் ஆண்டு வெளியான ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் டின்டின்’ அனிமேஷன் திரைப்படம், இந்தியா உள்பட உலகின் பல நாடுகளில் ரசிகர்களைக் கவர்ந்தது. இளம் செய்தியாளர் டின்டினும் கேப்டன் ஹாடாக்கும் கடற்கொள்ளையனின் புதையலைத் தேடிச் செல்லும் அக்கதையைப் படைத்த பெல்ஜியம் ஓவியர் எர்ஜே, படம் வெளியாவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். குழந்தைகளை மகிழ்வித்த அந்தப் புதையல் கதை, அவரது வாழ்வின் மிகவும் சர்ச்சைக்குரிய காலத்தில் உருவானது.

செய்தித்தாளில் பிறந்த நாயகன்

பிரஸ்ஸல்ஸ் நகரின் எட்டர்பீக் பகுதியில் 1907-ஆம் ஆண்டு மே 22-ஆம் தேதி பிறந்த அவரது இயற்பெயர் ஜார்ஜ் ரெமி. பெயரின் முதலெழுத்துகளான ஜி, ஆர் இரண்டையும் இடம் மாற்றி, பிரெஞ்சு உச்சரிப்பில் ‘எர்ஜே’ என்று புனைபெயர் சூட்டிக்கொண்டார். சாரணர் இயக்க இதழில் படம் வரையத் தொடங்கிய அவர், பின்னர் கத்தோலிக்க நாளிதழ் ஒன்றின் சந்தாப் பிரிவில் பணிக்குச் சேர்ந்தார். அந்த நாளிதழின் சிறுவர் இணைப்பிதழில், 1929-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி டின்டினும் அவனது வெள்ளை நாய் ஸ்னோயியும் முதன்முதலாகத் தோன்றினர். அப்போது எர்ஜேவுக்கு வயது 21.

சோவியத் ரஷியா, பெல்ஜியத்தின் காலனியாக இருந்த காங்கோ ஆகியவற்றைக் களமாகக் கொண்ட முதல் இரு கதைகளையும் அந்நாடுகளைப் பாராமலேயே அவர் வரைந்தார். காங்கோ கதையில் ஆப்பிரிக்க மக்கள் இழிவாகச் சித்தரிக்கப்பட்டிருப்பது இன்றளவும் கண்டிக்கப்படுகிறது. தாம் வளர்ந்த சூழலின் தவறான எண்ணங்களே அதில் வெளிப்பட்டதாக எர்ஜே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

பாதையை மாற்றிய நண்பர்

பிரஸ்ஸல்ஸில் கலை பயின்ற சீன மாணவர் ஜாங் சோங்ரெனை 1934-இல் சந்தித்தது, எர்ஜேவின் வாழ்வில் திருப்புமுனையாக அமைந்தது. ஒரு நாட்டைப் பற்றி வரையும் முன் அதன் மக்களையும் வரலாற்றையும் அறிய வேண்டும் என்பதை அந்த நட்பு அவருக்கு உணர்த்தியது. சீனா மீதான ஜப்பானிய ஆக்கிரமிப்பைச் சித்தரித்த ‘நீலத் தாமரை’ அதன் விளைவாக உருவானது.

பின்னாளில் வெளிவந்த ‘திபெத்தில் டின்டின்’ கதையில், பனிமலையில் தொலைந்துபோன சீன நண்பனைத் தேடிச் செல்லும் டின்டின், வழியில் தில்லியின் குதுப்மினாரையும் செங்கோட்டையையும் காண்கிறான். தொடர்பு அறுந்துபோயிருந்த ஜாங்கை எர்ஜே மீண்டும் சந்தித்தது 1981-இல்தான்.

ஆக்கிரமிப்பின் நிழல்

1940 மே மாதம் பெல்ஜியத்தை ஜெர்மனி கைப்பற்றியபோது, எர்ஜே பணியாற்றிய நாளிதழ் மூடப்பட்டது. நாஜிப் படையினரின் கட்டுப்பாட்டில் வெளிவந்த ‘லெ சுவார்’ நாளிதழில் அவர் சேர்ந்தார். ஸ்பீல்பெர்க் படத்துக்கு அடிப்படையான மூன்று கதைகளும் 1940-க்கும் 1943-க்கும் இடையே அந்த நாளிதழில்தான் வெளியாகின. அரசியலைத் தவிர்த்து கடல், கப்பல், புதையல் என அக்கதைகள் விரிந்தன. எனினும், அதே காலத்தில் அவர் வரைந்த மற்றொரு கதையில் யூத வங்கியாளர் ஒருவர் வில்லனாகக் காட்டப்பட்டார்; பின்னர் அப்பாத்திரத்தின் பெயரும் பின்னணியும் மாற்றப்பட்டன.

1944 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் விடுவிக்கப்பட்டதும், எதிரிக்கு ஒத்துழைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு எர்ஜே பலமுறை கைது செய்யப்பட்டார். அவர் மீது வழக்கு தொடரப்படவில்லை என்றாலும், சுமார் இரண்டு ஆண்டுகள் பத்திரிகைகளில் பணியாற்ற முடியாத நிலை நீடித்தது. நாஜி எதிர்ப்பு இயக்கத்தில் பங்கேற்ற ரேமோன் லெப்லாங்க் என்பவரே அவருக்குக் கைகொடுத்தார். அவர் 1946 செப்டம்பர் 26-ஆம் தேதி தொடங்கிய ‘டின்டின்’ வார இதழ், எர்ஜேவை மீண்டும் வாசகர்களிடம் சேர்த்தது.

நிகழாத சந்திப்பு

1981-இல் வெளியான தமது ‘ரைடர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்’ படத்தின் பிரெஞ்சு விமர்சனம் ஒன்றில் டின்டினுடன் ஒப்பீடு இடம்பெற்றிருந்ததைக் கண்ட பிறகே, ஸ்பீல்பெர்க் அக்கதைகளைத் தேடிப் படித்தார். இருவரும் சந்திக்கத் திட்டமிட்டிருந்த வேளையில், 1983 மார்ச் 3-ஆம் தேதி எர்ஜே பிரஸ்ஸல்ஸில் காலமானார். அப்போது அவருக்கு வயது 75.

நடிகர்களின் அசைவுகளைக் கணினியில் பதிவு செய்யும் ‘மோஷன் கேப்சர்’ தொழில்நுட்பத்தில் படம் உருவாக மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2012-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான கோல்டன் குளோப் விருதை அது வென்றது.

தமக்குப் பின் வேறு எவரும் டின்டின் கதைகளை வரையக் கூடாது என்பது எர்ஜேவின் விருப்பம். அதனால் அவர் இறக்கும்போது வரைந்துகொண்டிருந்த கடைசிக் கதைகூட, முடிக்கப்படாத பென்சில் கோடுகளாகவே நூல் வடிவம் பெற்றது.