சில்ப சாஸ்திரமும் ராம் ராஸும்

1834-ஆம் வருஷத்தில் லண்டன் மாநகரிலுள்ள ராயல் ஏஷியாடிக் சங்கத்தார் ஒரு நூலைப் பிரசுரித்தனர். இந்துக்களின் கட்டடக் கலையைப் பற்றிய கட்டுரை என்பது அதன் பெயர். எழுத்துப் பகுதி நூறு பக்கங்களுக்கும் குறைவே. ஆயினும் அதனோடு 48 சித்திரப் படங்கள் சேர்க்கப்பட்டிருந்தன. தூணும் பீடமும், விமானமும் கோபுரமும், கிராமங்களின் அமைப்பும் அவற்றில் அளவோடு வரையப்பட்டிருந்தன. பாரத நாட்டின் சில்ப சாஸ்திரங்களைச் சுவடியிலிருந்து எடுத்துப் பொருள் கண்டு, படத்தோடு ஐரோப்பியப் பாஷையொன்றில் உலகுக்கு அளித்த முதல் நூல் அதுவே. அதை இயற்றியவர் ஆங்கிலேயர் அல்லர். தஞ்சையிற் பிறந்து, பெங்களூரில் சுதேச நீதிபதியாக அமர்ந்திருந்த ராம் ராஸ் என்பவரே அதன் ஆசிரியர். அச்சான பிரதியைக் கையில் வாங்கிப் பார்க்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. நூல் வெளிவருமுன்னரே அவர் காலமாகிவிட்டார்.

நம் கோயில்களின் பெருமையை நமக்கு எடுத்துச் சொன்னவர்கள் வெள்ளைக்காரர்களே என்னும் எண்ணம் கற்றவர்களிடையே இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. இந்தியக் கட்டடக் கலையின் சரித்திரத்தை எழுதிப் பெரும் புகழ் பெற்ற ஜேம்ஸ் பெர்குஸன் துரையின் நூல் வெளிவந்தது 1876-இல். ராம் ராஸின் நூல் அதற்கு 42 வருஷங்கள் முந்தியது. இந்தக் கணக்கை நேயர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும்.

ராம் ராஸ் 1790-ஆம் வருஷத்தை ஒட்டித் தஞ்சையில் ஓர் ஏழைக் குடும்பத்தில் தோன்றினார். விஜயநகரத்து ராஜ வம்சத்தின் வழி வந்தவர்கள் என்று அக்குடும்பத்தார் சொல்லிக் கொண்டதுண்டு. வம்சப் பெருமை வயிற்றை நிரப்புமோ? இளைஞர் ராம் ராஸ் கும்பெனியாரின் சுதேசிப் பட்டாளமொன்றில் சிறு உத்தியோகம் தேடிக் கொண்டார். 1815-இல் சென்னையில் ராணுவக் கணக்குத் தணிக்கை அலுவலகத்துக் குமாஸ்தாவானார். திப்பு சுல்தான் தமது வருவாய் அதிகாரிகளுக்கென்று வகுத்த விதிகளை அவர் மராத்தியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். அந்த மொழிபெயர்ப்பே அவருக்கு வழி திறந்தது. அதைக் கண்டு வியந்த அதிகாரிகளால் அவர் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தலைமை ஆங்கில ஆசிரியராக உயர்ந்தார்.

அந்தக் கல்லூரி சாமானியமான பள்ளிக்கூடமன்று. 1812-இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் ஏற்பட்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஸம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தவையல்ல, தனியொரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்று 1816-இல் எல்லிஸ் எழுதியதற்கு அங்கிருந்த நம் நாட்டுப் பண்டிதர்களின் கல்வியே ஆதாரம். பெயர் எல்லிஸுக்குப் போயிற்று. பண்டிதர்களோ சரித்திரத்தின் அடிக்குறிப்புகளில் ஒதுங்கினார்கள். ராம் ராஸ் அவ்வாறு ஒதுங்கிவிடாமல் தம் பெயராலேயே நூல் எழுதி முடித்தவர் என்பதை நினைக்கும்போதுதான் அவருடைய துணிவு விளங்குகிறது.

பெங்களூரில் நீதிபதியாக இருந்த காலத்தில் அவர் வேறொரு காரியமும் செய்தார். கும்பெனி நீதிமன்றங்களில் ஜூரி முறையைப் புகுத்துவது பற்றி 1828-இல் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சபை கூடி வழக்கை விசாரிக்கும் முறை இந்நாட்டாருக்குப் புதிதன்று, தர்ம சாஸ்திரங்களிலேயே அதற்கு இடமுண்டு என்பது அவர் வாதம். அவர் மறைந்த பிறகு, 1836-இல், அதுவும் ராயல் ஏஷியாடிக் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. நீதியாயினும் கட்டடமாயினும் அவர் கையாண்ட வழி ஒன்றே. இந்நாட்டாரிடம் இருந்ததா இல்லையா என்று பிறர் ஊகிக்கும் விஷயத்தை அவர் சுவடியைத் திறந்து பார்த்தார்.

சில்ப ஆராய்ச்சியில் அவரைத் தூண்டியவர் சென்னையில் உத்தியோகம் பார்த்துப் பின் இங்கிலாந்து திரும்பிய ரிச்சர்டு கிளார்க் துரை. இந்துக்களின் கட்டட முறை எகிப்தியரிடமிருந்து வந்ததா, கிரேக்கரிடமிருந்து வந்ததா என்று ஐரோப்பியப் புலவர்கள் மனம் போனபடி எழுதிக் கொண்டிருந்த காலம் அது. கோயில்களைப் பார்த்தவர்கள் பலர். கோயில் கட்டியவர்களின் நூலைப் பார்த்தவர் எவருமில்லை. அந்நூல்களைத் தேடித் தருமாறு கிளார்க் கேட்டுக் கொண்டார். ராம் ராஸும் தேடலானார். மானஸாரம், மயமதம், காசியபம், அகஸ்தியர் பெயரால் வழங்கும் ஸகலாதிகாரம் முதலியவற்றின் ஏடுகள் துண்டு துண்டாக அகப்பட்டன. முழுமையானவை அரிது. பிழை மலிந்தவை பல.

ஏடு கிடைத்ததும் சங்கடம் தீர்ந்துவிடவில்லை. உண்மையான சங்கடம் அதன் பிறகே ஆரம்பித்தது. ஸம்ஸ்கிருதம் கற்ற பண்டிதர்களிடம் ஏட்டைக் கொடுத்தால், இலக்கணம் தெரியும், பொருள் தெரியாது. கல் தச்சர்களிடம் கொடுத்தால், தொழில் தெரியும், பாஷை தெரியாது. ஓர் உதாரணம் பார்ப்போம். குமுதம் என்றால் பண்டிதருக்கு ஆம்பல். சிற்பிக்கோ அது அதிஷ்டானத்தில் உருண்டு திரண்டு வரும் ஒரு வரி. கபோதம் என்றால் பண்டிதருக்குப் புறா. சிற்பிக்கு அது தூணுக்கு மேலே வளைந்து இறங்கும் கொடுங்கை. ஆம்பலையும் புறாவையும் வைத்துக்கொண்டு கோயில் கட்ட முடியுமா?

திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையில் லேத்தின் முன் நிற்கும் தொழிலாளி இந்த இடரை எளிதில் உணர்வார். கைக்கு வரும் வரைபடத்தில் ஓர் அளவு விடுபட்டாலும், ஒரு குறிச்சொல் விளங்காவிட்டாலும் உருப்படி தவறிப் போகும். ராம் ராஸ் கண்ட சுவடிகளில் சொல் மட்டுமே உண்டு, படம் கிடையாது. படம் சிற்பியின் கையிலும் கண்ணிலும் இருந்தது, தந்தை மகனுக்குக் காட்டிக் கொடுத்ததாக.

கடைசியில் தஞ்சை நாட்டைச் சேர்ந்த கம்மாளர் குலத்துச் சிற்பி ஒருவர் ராம் ராஸுக்குக் கிடைத்தார். தொழிலில் தேர்ந்தவர். ஏட்டிலுள்ள பதங்களுக்குக் கல்லிலுள்ள உறுப்புகளைக் காட்டினார். நீதிபதி படிக்க, சிற்பி பொருள் சொல்ல, இருவருமாகப் பூட்டைத் திறந்தனர். உத்தியோகத்தில் உயர்ந்த ஒருவர், ஆங்கிலம் கற்றுத் துரைமார்களின் நன்மதிப்பைப் பெற்றவர், உளி பிடித்த கையை ஆசானாகக் கொண்டது அந்தக் காலத்தில் சிறிய விஷயமன்று. அதை அவர் மறைக்கவும் இல்லை. கிளார்க்குக்கு எழுதிய கடிதத்தில் தெளிவாகவே தெரிவித்தார். ஆனால் அந்தச் சிற்பியின் குலத்தைச் சொன்னாரேயன்றிப் பெயரைச் சொன்னாரில்லை.

ஐரோப்பாவிலும் இதே போன்ற ஒரு சரித்திரமுண்டு. ரோமாபுரி விட்ருவியஸ் இயற்றிய பத்துப் பகுதிக் கட்டட நூல் மட்டுமே அந்த நாட்டுப் பழங்காலத்திலிருந்து முழுமையாக எஞ்சியது. அதனோடிருந்த படங்கள் அழிந்து போயின. பிற்காலத்துப் புலவர்கள் அதைப் படித்துத் திகைத்தனர். 1556-இல் வெனிஸ் நகரத்துப் பிரபு டானியேலே பார்பாரோ அதை இத்தாலியில் பெயர்த்து உரை எழுதியபோது, படங்களுக்கு ஆந்திரேயா பல்லாடியோவின் உதவியை நாடினார். பல்லாடியோ இளமையில் கல் தச்சராக இருந்தவர். ஏடு படித்தவரும் கல் செதுக்கியவரும் ஒன்று சேர்ந்தாலன்றி அங்கும் காரியம் நடக்கவில்லை. ஆனால் பார்பாரோ தமது நூலில் பல்லாடியோவின் பெயரை எழுதினார். இன்று பல்லாடியோவை அறியாத கட்டடக் கலைஞர் உலகில் இல்லை.

நமது நாட்டிலும் அப்பழக்கம் இல்லாமற் போகவில்லை. 1010-இல் நிறைவேறிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டிலே வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்னும் பெயர் இன்றும் காணப்படுகிறது. பேரரசன் தன் கோயிலில் தச்சன் பெயரைப் பொறிக்க இடம் தந்தான். எண்ணூறு வருஷம் கழிந்து, அதே தஞ்சை நாட்டுச் சிற்பி ஒருவர் நூலின் திறவுகோலைக் கொடுத்தும், அவர் பெயருக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. இடைக்காலத்தில் நம் சமூகம் கைத்தொழிலுக்கு அளித்த மதிப்பு எவ்வளவு இறங்கியிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமோ? ராம் ராஸை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஆனால் குறையைக் கூறாமல் விடுவதும் நியாயமாகாது.

இனி நூலின் உள்ளே புகுவோம். எட்டு யவம் ஓர் அங்குலம், இருபத்து நான்கு அங்குலம் ஒரு முழம் என்று அளவையிலிருந்து அது தொடங்குகிறது. சதுரத் தூண் பிரம்மகாந்தம், எட்டுப் பட்டைத் தூண் விஷ்ணுகாந்தம், வட்டத் தூண் ருத்ரகாந்தம் என்னும் பெயர்கள் வருகின்றன. நிலை குறைந்த துவாரசோபை முதல் ஓங்கி நிற்கும் மகாகோபுரம் வரை ஐந்து வகை வாயில்கள் விவரிக்கப்படுகின்றன. தண்டகம், ஸர்வதோபத்ரம், நந்தியாவர்த்தம், பத்மகம் என்று கிராமங்களை வகுக்கும் முறைகளும் படத்தோடு உள்ளன. தெரு எப்படி ஓட வேண்டும், கோயில் எங்கே, குளம் எங்கே என்று நம் முன்னோர் யோசித்திருந்தார்கள் என்பதை இந்தப் படங்களே ஐரோப்பியருக்கு முதலில் உணர்த்தின.

ஆயினும் ராம் ராஸ் தம் முழு வல்லமையையும் காட்டியது தூண் விஷயத்தில்தான். தூணின் அடி விட்டத்தை அளவாகக் கொண்டு, அதன் ஆறு மடங்கு, ஏழு மடங்கு, பத்து மடங்கு என்று உயரத்தை வகுப்பது சாஸ்திர முறை. தூண் மேலே போகப் போகச் சிறுத்து வர வேண்டும். எவ்வளவு சிறுக்க வேண்டும்? ஆறு மடங்கு உயரமுள்ள தூணுக்கு உச்சியில் ஆறில் ஒரு பங்கு குறையும். பத்து மடங்கு உயரமுள்ளதற்குப் பத்தில் ஒரு பங்கே குறையும். உயரம் கூடக் கூடச் சிறுப்பது குறைகிறது. காரணம் நுட்பமானது. உயர்ந்த தூணின் உச்சி தூரத்தினாலேயே கண்ணுக்கு மெலிந்து தோன்றும். ஆகவே கல்லிலும் அதிகமாக மெலித்துவிட்டால் உருவம் கெட்டுவிடும். இந்த உண்மையைக் கண்டறிந்தமையே கிரேக்கரின் உயர்ந்த ரசனைக்குச் சான்று என்று ஐரோப்பியர் கொண்டாடி வந்தனர். அதே விதி நம் சிற்ப நூலிலும் உண்டு, நம் கோயில்களிலும் கையாளப்படுகிறது என்று ராம் ராஸ் நிறுவினார். ஆரவாரம் இல்லை, கோபம் இல்லை. அளவை எடுத்து அளவின் பக்கத்தில் வைத்தார், அவ்வளவே. அரசியல் மேடைகளில் நாம் முழங்கும் பழம் பெருமைகளில் எத்தனை இப்படி அளந்து பார்க்கப்பட்டவை என்று கேட்கத் தோன்றுகிறது.

குற்றமற்ற நூல் என்று அதைச் சொல்வதற்கில்லை. கிரேக்கத் தூண் வகைகளுக்கு ஐரோப்பியர் வகுத்த சட்டகத்திலேயே நம் தூண்களையும் நிறுத்திக் காட்டினார். அவர்களுக்கு விளங்கும் பாஷையில் பேச வேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. படங்களும் ஐரோப்பியக் கட்டட நூல்களின் பாணியிலேயே வரையப்பட்டன. நூல் சொல்வதே விதி, கட்டடம் அதற்குப் பணிந்தது என்னும் தோற்றம் அவர் எழுத்தில் உண்டாகிறது. உண்மையில் பல்லவர் தூணுக்கும் சோழர் தூணுக்கும் நாயக்கர் தூணுக்கும் உள்ள வேற்றுமையை எந்த ஒரு சாஸ்திரத்தாலும் அடக்கிவிட முடியாது. காலத்துக்குக் காலம் சிற்பியின் கை புதிது கண்டிருக்கிறது. இக்கால ஆராய்ச்சியாளர் இந்தக் குறையை எடுத்துக் காட்டியிருப்பது பொருத்தமே.

அவர் மறைந்து எண்பது வருஷங்களுக்குப் பிறகு பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் தென்னாட்டுக் கட்டடக் கலையைப் பற்றி 1914-இல் நூல் வெளியிட்டார். அவரும் உயிரோடிருந்த சிற்பிகளிடம் சென்று உறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்தே எழுதினார். 1919-இல் கணபதி சாஸ்திரியார் மயமதத்தைத் திருவனந்தபுரத்தில் அச்சிட்டார். ராம் ராஸுக்குக் குறைப் பிரதியாகக் கிடைத்த மானஸாரத்தைப் பிரசன்ன குமார ஆசாரியார் பல ஏடுகளை ஒப்பிட்டு 70 அத்தியாயங்களாகப் பதிப்பித்து, 1927 முதல் 1946 வரை அகராதியும் மொழிபெயர்ப்பும் படங்களுமாக வெளியிட்டார். அவரும் மானஸாரத்தையும் விட்ருவியஸையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். ராம் ராஸ் ஆரம்பித்த வாதம் நூறு வருஷம் கழிந்தும் ஓயவில்லை. பாண்டிச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் சார்பில் புரூனோ தாகென்ஸ் மயமதத்தை மீண்டும் ஆராய்ந்து பிரெஞ்சில் பெயர்த்தார்.

1957-இல் மாமல்லபுரத்தில் அரசாங்கச் சிற்பப் பயிற்சிக் கூடம் திறக்கப்பட்டது. சிற்பிகளின் பிள்ளைகள் உளியோடு நூலையும் கையிலெடுத்தனர். அதைப் பல வருஷங்கள் தலைமை தாங்கி நடத்திய கணபதி ஸ்தபதியார் சிற்ப நூல்களைத் தாமே ஆராய்ந்து எழுதினார். 2000-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி குமரி முனையில் திறக்கப்பட்ட 133 அடி உயர வள்ளுவர் சிலையும் அவர் வகுத்ததே.