ஒரு நகருக்கு இசை தந்த அம்மையார்

இசைக்கு உருகாத நெஞ்சம் உண்டோ? வயலின்களும் செல்லோக்களும் குழல்களும் கொம்புகளும் பேரிகைகளும் ஒன்றாய் முழங்கும் சிம்பனி இசையைக் கேட்போர் மெய்ம்மறந்து போவர். நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கம் அதிரக் கைதட்டுவர். அக்கைதட்டல் வாசித்தவர்களுக்கும் நடத்தியவருக்கும் உரியது. ஆனால் அவர்களை அந்த மேடைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யார்? அவர்களுக்கு ஊதியம் கொடுக்கப் பணம் திரட்டியவர்கள் யார்? அவர்களுடைய பெயர்களை நாம் கேட்பதில்லை. அப்படித் திரைமறைவில் நின்று பாடுபட்ட ஒருவரின் வாழ்க்கையை இங்கே காண்போம். அவரே ஹெலன் ஹெரன் டாஃப்ட் அம்மையார்.

அமெரிக்காவின் 27-ஆவது குடியரசுத் தலைவர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்டின் துணைவியார் என்றே உலகம் அவரை அறியும். ஆனால் வெள்ளை மாளிகைக்குள் குடிபுகுவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, தம் சொந்த உழைப்பால் அவர் ஒரு பெருஞ்செயலைச் செய்து முடித்திருந்தார்.

ஹெலன் 1861-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் ஒஹையோ மாநிலத்திலுள்ள சின்சினாட்டி நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். வீடு நிறையப் பிள்ளைகள். இளமையிலேயே பியானோ இசையில் ஹெலனுக்கு அளவற்ற ஈடுபாடு உண்டாயிற்று. தந்தையின் நண்பரான ஹேய்ஸ் அப்போது குடியரசுத் தலைவராக இருந்தார். அவருடைய விருந்தினராக 1877-ல் பெற்றோருடன் வெள்ளை மாளிகைக்குச் சென்ற பதினாறு வயதுச் சிறுமியின் மனத்தில் பெரிய கனவுகள் முளைத்தன.

அக்காலத்தில் வசதியுள்ள குடும்பத்துப் பெண்கள் வேலைக்குப் போவது வழக்கமில்லை. திருமணம் ஆகும்வரை விருந்துகளிலும் கேளிக்கைகளிலும் பொழுதைப் போக்குவார்கள். ஹெலனுக்கோ அவ்வாழ்க்கை கசந்தது. அவர் பள்ளி ஆசிரியை ஆனார். தாமே பொருளீட்டித் தம் காலில் நிற்க விரும்பினார். நண்பர்களைக் கூட்டி நூல்களைப் பற்றிக் கலந்துரையாடும் சிறு அவை ஒன்றையும் நடத்தினார். அங்கே வந்து பழகிய இளம் வழக்கறிஞர் டாஃப்டை 1886-ல் மணந்தார்.

சின்சினாட்டி இசையை நேசித்த நகரம். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் அங்கே மிகுதி. அவர்கள் தங்கள் பாடல் மன்றங்களையும் உடன் கொண்டுவந்திருந்தனர். 1873-ல் மே மாத இசைவிழா தொடங்கிற்று. ரூபன் ஸ்பிரிங்கர் என்ற செல்வர், நகரத்தார் எவ்வளவு திரட்டுகிறார்களோ அவ்வளவு நானும் தருவேன் என்னும் ஏற்பாட்டின்படி பெருந்தொகை ஈந்தார். அதனால் 1878-ல் மியூசிக் ஹால் என்னும் மாபெரும் மண்டபமும் எழுந்தது. விழா உண்டு, மண்டபம் உண்டு, கேட்கும் செவிகளும் உண்டு. ஆனால் ஆண்டுதோறும் வாசிக்க, ஊருக்கென்று நிலையான சிம்பனி இசைக்குழு மட்டும் இல்லை. விழாவுக்குத் தியோடர் தாமஸ் என்ற புகழ்பெற்ற நடத்துநர் வெளியூரிலிருந்து வருவார். விழா முடிந்ததும் போய்விடுவார். கோயில் இருந்தும் நாள்தோறும் பூசை இல்லாதது போன்ற நிலை அது.

இக்குறையைப் போக்க முன்வந்தவர்கள் பெண்கள். மகளிர் இசை மன்றத்தைச் சேர்ந்தவர்கள் கூடிப் பேசி, இசைக்குழுச் சங்கம் ஒன்றை நிறுவினர். அதன் நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் அனைவரும் பெண்களே. தலைவியாக ஹெலன் டாஃப்ட் பொறுப்பேற்றார். அமெரிக்கப் பெண்களுக்கு நாடெங்கும் வாக்குரிமை கிடைத்தது 1920-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இது எத்தகைய துணிவு என்பது விளங்கும்.

சிம்பனி இசைக்குழு என்பது மிகுந்த செலவு பிடிக்கும் காரியம். ஒரு பாடகரும் இரண்டு பக்கவாத்தியங்களும் இருந்தால் நடந்துவிடும் கச்சேரி அன்று அது. ஏறக்குறைய ஐம்பது கலைஞர்கள் வேண்டும். அவர்களுக்கு ஒத்திகைக்கும் ஊதியம், நிகழ்ச்சிக்கும் ஊதியம். நடத்துநருக்குச் சம்பளம், அரங்க வாடகை, இசைத் தாள்கள், விளம்பரம் என்று செலவு வளரும். இருக்கைகள் அனைத்தும் விற்றாலும் கட்டணப் பணம் மட்டும் போதாது. கட்டணத்தை உயர்த்தினாலோ எளியவர்கள் வரமுடியாது. ஆகவே எஞ்சிய தொகையை யாராவது வீடுவீடாகச் சென்று கேட்டுப் பெறத்தான் வேண்டும்.

அந்தப் பணியைத்தான் டாஃப்ட் அம்மையாரும் தோழியரும் ஏற்றுக்கொண்டனர். செல்வர்களைக் கண்டு நன்கொடைக்கு உறுதி பெறுதல், சீசன் டிக்கெட் விற்றல், நடத்துநரைத் தேடி ஒப்பந்தம் பேசுதல், கணக்குப் பார்த்தல் ஆகிய எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. இத்தனைக்கும் அம்மையார் பெற்ற ஊதியம் ஒரு காசும் இல்லை. வீட்டிலோ சிறு குழந்தைகள். மூத்தவன் ராபர்ட்டுக்கு ஐந்து வயது, மகள் ஹெலனுக்கு மூன்று வயது. நீதிபதியாகிவிட்ட கணவர் ஒஹையோ, மிச்சிகன், கென்டக்கி, டென்னஸி ஆகிய நான்கு மாநிலங்களிலும் வழக்குகளைக் கேட்கப் பயணம் செய்துகொண்டிருந்தார். வீட்டையும் பார்த்து, வெளிப்பணியையும் பார்த்தார் அம்மையார். இசையின்மேல் தாம் கொண்ட அன்பைச் செயலில் காட்ட இப்பணி வழி தந்தது என்று பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார்.

1895-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், பைக்ஸ் ஆப்பரா ஹவுஸ் என்னும் அரங்கில் சின்சினாட்டி சிம்பனி இசைக்குழு முதன்முதலாக வாசித்தது. அன்று மேடையில் அம்மையாருக்கு இடமில்லை. ஆயினும் அவர் உழைப்பின்றி அம்மேடையில் ஒரு வில்லும் அசைந்திருக்காது. டெக்ஸாஸில் பிறந்து ஐரோப்பாவில் பயின்ற பிராங்க் வான் டெர் ஸ்டக்கன் என்பவர் நடத்துநராக அமர்ந்து, 1907 வரை குழுவை வளர்த்தார். அடுத்த ஆண்டே குழு மியூசிக் ஹாலுக்குக் குடிபெயர்ந்தது. 1897-ல் மூன்றாவது குழந்தை சார்ல்ஸ் பிறந்தான். அப்போதும் அம்மையார் தலைமைப் பொறுப்பைக் கைவிடவில்லை.

1900-ல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. பிலிப்பைன்ஸ் தீவுகளின் ஆட்சியைச் சீரமைக்கும் குழுவுக்குத் தலைவராக டாஃப்ட் அனுப்பப்பட்டார். அம்மையார் தாம் பெற்று வளர்த்த இசைக்குழுவை மற்றவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கடல் கடந்தார். விட்டுச் செல்வது எளிதாக இருந்திருக்குமா? ஆயினும் எங்கே சென்றாலும் அவருடன் சென்றது ஒரு நம்பிக்கை. நல்லிசை என்பது செல்வர் வீட்டுக் கூடத்துக்கு மட்டும் உரியதன்று, அது எல்லாருக்கும் பொது என்பதே அந்நம்பிக்கை.

மணிலா நகரில் கடலோரமாய் லுனெட்டா என்றொரு பூங்கா உண்டு. மாலை வேளையில் அங்கே வாத்தியக்குழு இசைக்க, பணக்காரரும் ஏழையும் ஒரே காற்றில் நின்று கேட்பார்கள். அக்காட்சி அம்மையாரின் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. 1902-ல் டாஃப்டின் ஏற்பாட்டால் பிலிப்பைன் காவல்படைக்கென ஒரு வாத்தியக்குழு அமைந்தது. அதற்குத் தலைவர் வால்டர் லவிங் என்னும் கறுப்பினக் கலைஞர். நிறவேற்றுமை தலைவிரித்தாடிய காலம் அது. அமெரிக்க இராணுவ அதிகாரிகள் பிலிப்பைன் மக்களைத் தங்கள் விருந்துகளுக்கு அழைக்க மறுத்தனர். அம்மையாரோ தம் இல்லத்து விருந்துகளுக்கு அவர்களைச் சரிநிகராக அழைத்து உபசரித்தார்.

அந்த 1902-ஆம் ஆண்டிலேயே, தீவுகளில் துறவியர் சபைகளுக்குச் சொந்தமான நிலங்களைப் பற்றிப் பேச டாஃப்ட் உரோமைக்குச் சென்றார். அம்மையாரும் பிள்ளைகளும் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரைக் கண்டு ஆசி பெற்றனர். அம்மையார் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் 92 வயது நிறைந்த பாப்பரசர் தம் குழந்தைகளோடு அன்பாய் உரையாடியதை அவர் தம் நூலில் மகிழ்வோடு குறித்திருக்கிறார்.

1909 மார்ச்சில் கணவர் குடியரசுத் தலைவரானார். தலைநகர் வாஷிங்டனில் அம்மையார் செய்த முதற்பணி என்ன தெரியுமா? பொட்டோமாக் ஆற்றங்கரையில் பொதுமக்களுக்கென வாத்தியமேடை அமைக்கச் செய்ததுதான். ஏப்ரல் 17 அன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டு இலவச இசை கேட்டனர். லுனெட்டாப் பூங்காவே அங்கு இடம்பெயர்ந்தது போல் இருந்தது. அதே வேளையில் எலைசா ஸ்கிட்மோர் என்ற எழுத்தாளர், நன்கொடை திரட்டி அவ்விடத்தில் ஜப்பானியச் செர்ரி மரங்களை நடலாம் என்று அம்மையாருக்கு மடல் எழுதினார். அம்மையார் உடனே ஆதரவு தந்தார். டோக்கியோ நகரம் அனுப்பிய முதல் 2,000 மரங்களில் நோயும் பூச்சியும் இருந்தமையால், 1910 ஜனவரியில் அவற்றைத் தீயிட்டு அழிக்க நேர்ந்தது. மனம் தளராமல் மீண்டும் முயன்றனர். 1912-ல் 3,020 மரங்கள் வந்தன. மார்ச் 27 அன்று அம்மையாரும் ஜப்பானியத் தூதரின் மனைவியாரும் முதல் இரு கன்றுகளை நட்டனர்.

ஆனால் இதற்கிடையில் பேரிடி ஒன்று விழுந்திருந்தது. 1909 மே 17-ஆம் நாள் அம்மையார் பக்கவாதத்தால் தாக்குண்டார். பேச்சு நின்றுபோயிற்று. எத்தனையோ செல்வர்களிடம் பேசி நிதி பெற்ற நாவு ஒரு சொல்லையும் சரியாக உச்சரிக்க இயலாமல் தவித்தது. கணவர் அருகிலமர்ந்து குழந்தைக்குக் கற்பிப்பதுபோல் பேச்சைக் கற்பித்தார். சகோதரியர் வந்து விருந்துகளில் துணைநின்றனர். மெல்ல மெல்ல அவர் தேறினார். செர்ரிக் கன்றை நட்ட கைகள் அந்நோயிலிருந்து எழுந்து வந்த கைகளே.

சின்சினாட்டியில் அவர் தொடங்கிய இசைக்குழு என்னவாயிற்று? அதற்கும் நோய் வந்தது. பணமுடையாலும் கலைஞர்களின் சங்கத்தோடு ஏற்பட்ட பிணக்காலும் 1907-ல் அது கலைந்தது. மேடை இருண்டது. ஆனால் சங்கத்துப் பெண்கள் கைகட்டி நிற்கவில்லை. மறுபடியும் நிதி திரட்டினர். 1909-ல் குழுவை மீண்டும் கூட்டி, லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி என்னும் 27 வயது இளைஞரை நடத்துநராக அமர்த்தினர். அவரே பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நடத்துநரானார். 1927-ல் டாஃப்டின் அண்ணன் சார்ல்ஸும் அவர் மனைவி அன்னாவும், நகரத்தார் 25 இலட்சம் டாலர் திரட்டினால் தாங்கள் 10 இலட்சம் டாலர் தருவதாக அறிவித்தனர். நகரம் அதையும் திரட்டிக் காட்டிற்று. மியூசிக் ஹால் எழுந்த அதே வழி! 1949 முதல் கலைகளுக்கென ஆண்டுதோறும் நிதி திரட்டும் இயக்கமும் அந்நகரில் வேரூன்றியது. 1966-ல் அவ்விசைக்குழு உலகச் சுற்றுப்பயணம் செய்தது. அவ்வாறு உலகை வலம் வந்த முதல் அமெரிக்க இசைக்குழு அதுவே.

தம் நினைவுகளை அம்மையார் 1914-ல் நூலாக வெளியிட்டார். கணவர் 1930-ல் மறைந்தார். 1943 மே 22-ஆம் நாள் அம்மையாரும் தம் 81-ஆம் வயதில் கண்மூடி, ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் கணவருக்கருகில் துயில்கொண்டார்.

அன்புத் தோழியரே! நற்பணிக்காக உண்டியல் ஏந்தி நிற்கும்போதும் நன்கொடைச் சீட்டை நீட்டும்போதும் நமக்குக் கூச்சம் வருவதுண்டு. தனக்கென்று கேட்பதுதான் இரத்தல். ஊருக்கென்று கேட்பது தொண்டு என்பதை இவ்வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. நம்மில் எல்லாருக்கும் வயலின் வாசிக்க வராது; எல்லாருக்கும் பாடவும் வராது. ஆனால் கடிதம் எழுதவும், கணக்கு வைக்கவும், கதவைத் தட்டிக் கேட்கவும் யாருக்குத்தான் வராது? அம்மையார் ஆறு ஆண்டுகள் தேரின் வடத்தைப் பிடித்தார். பின்னர் அதை மற்றப் பெண்கள் பிடித்தனர். நடுவில் தேர் நின்றபோதும் அவர்கள் வடத்தை விடவில்லை. ஊர் கூடித் தேர் இழுத்தால் அது நிலைக்கு வந்து சேரும் என்று பெரியோர் சொன்னது பொய்யாகவில்லை.