பதஞ்சலி

பதஞ்சலி என்பவர் யோக சூத்திரம் என்னும் வடமொழி நூலை இயற்றியவராகப் போற்றப்படும் முனிவர் ஆவார். தமிழ் மரபில் இவர் பதினெண் சித்தர்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். இவர் இராமேசுவரத்தில் சமாதி அடைந்தார் என்பது நம்பிக்கை.

காலம்

பாணினியின் இலக்கணத்திற்கு மகாபாடியம் என்னும் விரிவுரை எழுதிய பதஞ்சலி கி. மு. 2 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். மரபு இவ்விருவரையும் ஒருவராகவே கொள்கிறது. ஆயினும் யோக சூத்திரம் கி. பி. 4, 5 ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது என்றும், அதன் ஆசிரியர் வேறொருவர் என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

மரபு வரலாறு

சிவபெருமானின் ஆடலைக் காண விரும்பிய ஆதிசேடனே பதஞ்சலியாகப் பிறந்தார் என்பது புராணக் கதை. கோணிகை என்னும் பெண் கைகுவித்து வேண்டியபோது அக்கைகளில் வந்து விழுந்ததால் இப்பெயர் பெற்றார் என்பர். தில்லையில் வியாக்கிரபாதருடன் தவமிருந்து நடராசரின் ஆனந்த நடனத்தைக் கண்டார். சிற்பங்களில் இவர் இடைக்குக் கீழ் பாம்பு உடலுடன் காட்டப்படுகிறார். திருமந்திரம் இவரை நந்தியின் மாணவர்களுள் ஒருவராகக் குறிப்பிடுகிறது.

தில்லையில் நடனம் கண்டவரின் வாழ்வு இராமேசுவரத்தில் நிறைவுற்றதாக மரபு கூறும். அங்குள்ள இராமநாதசுவாமி கோயிலில் உருத்திராட்சத்தால் அணிசெய்யப்பட்ட நடராசர் சந்நிதியை ஒட்டி இவரது சமாதி இருப்பதாக நம்பப்படுகிறது. அடியார்கள் அங்கே வழிபடுகின்றனர்.

நோயும் யோகமும்

நான்கு பாதங்களைக் கொண்ட யோக சூத்திரம் மனத்தை ஒருநிலைப்படுத்துவதைப் பற்றியது. மனத்தைச் சிதறடிக்கும் ஒன்பது தடைகளை அது பட்டியலிடுகிறது. அவற்றுள் முதலாவது நோய். துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், சீரற்ற மூச்சு ஆகியவை இத்தடைகளுடன் சேர்ந்து தோன்றும் என்றும் அந்நூல் கூறுகிறது. நெடுநாள் நோயாளிகள் பலர் இவற்றைத் தம் அனுபவத்தில் அறிவர்.

ஆசனத்தைப் பற்றி மூன்று சூத்திரங்களே உள்ளன. இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் அமைய வேண்டும், முயற்சியைத் தளர்த்துவதால் அது கைகூடும் என்பது அவற்றின் கருத்து. எந்த ஆசனத்தின் பெயரும் நூலில் இல்லை. இன்ன நோய்க்கு இன்ன ஆசனம் என்ற விதியும் இல்லை. வியாசரின் உரையே சில ஆசனங்களைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. துணைப்பொருளின் தாங்குதலுடன் அமரும் சோபாசிரயம் அவற்றுள் ஒன்று.

சீனப் பயிற்சியுடன் ஒப்பீடு

சீனாவின் மாவாங்துயி கல்லறையில் 1973 இல் கிடைத்த பட்டு ஓவியம் 44 உடற்பயிற்சி நிலைகளைக் காட்டுகிறது. அக்கல்லறை கி. மு. 168 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஓவியத்தின் சில நிலைகள் முழங்கால் வலி, செவிட்டுத்தன்மை போன்ற நோய்களின் பெயரைத் தாங்கியுள்ளன. சீன மரபில் உடற்பயிற்சி தொடக்கத்திலேயே நோய் தீர்க்கும் முறையாக இருந்ததை இது காட்டுகிறது. பதஞ்சலியின் நூலிலோ நோய் நீக்கம் மனவமைதிக்கான வழியில் ஒரு படியே ஆகும்.

பிற்காலத் தாக்கம்

யோகத்தை நோயாளிகளுக்கான பயிற்சியாக வளர்த்தவர்களுள் திருமலை கிருட்டிணமாச்சாரியார் (1888–1989) முதன்மையானவர். சென்னையில் வாழ்ந்த பிற்காலத்தில் அவர் ஒவ்வொருவரின் வயது, நோய், வலிமை ஆகியவற்றுக்கேற்ப ஆசனத்தையும் மூச்சுப்பயிற்சியையும் மாற்றிக் கற்பித்தார். யோக சூத்திரமே அவருக்கு அடிப்படை நூலாக இருந்தது. 2014 இல் ஐக்கிய நாடுகள் அவை சூன் 21 ஐப் பன்னாட்டு யோகா நாளாக அறிவித்தது.

இன்று நீடித்த நோயுடையோர் மருத்துவத்துக்குத் துணையாகவே இப்பயிற்சிகளை மேற்கொள்கின்றனர். உடலை வருத்தாமல் உறுதியும் சுகமும் ஒருங்கே நாடுக என்ற பதஞ்சலியின் கருத்து அவர்களுக்குப் பொருந்துவதாக உள்ளது.