எஞ்சினுக்குள் ஓர் ஆம்பியர்

கார் நின்றிருக்கும்போது எஞ்சின் நடுங்குகிறது. பெட்ரோல் வழக்கத்தைவிட அதிகமாகச் செலவாகிறது. முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. இதற்குக் காரணம் பல இருக்கலாம். அவற்றுள் ஒன்று, விவிடி சோலினாய்டு பழுதாவது.

வால்வுகள் எப்போது திறந்து மூட வேண்டும் என்பதை எஞ்சினின் வேகத்துக்கு ஏற்ப மாற்ற உதவும் சிறிய பாகம் அது. உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி ஒரு தண்டை நகர்த்துகிறது. எண்ணெய் செல்லும் வழி மாறுகிறது. அந்த எண்ணெயின் அழுத்தம், வால்வுகளை இயக்கும் கேம் தண்டைச் சற்றே முன்னோ பின்னோ திருப்புகிறது.

‘சோலினாய்டு’ என்று பெயரிட்டவர் ஆந்த்ரே-மரி ஆம்பியர். குழாய் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார்.

பிரான்சின் லியோன் நகரில் 1775ஆம் ஆண்டு பிறந்த ஆம்பியர் பள்ளிக்குச் சென்றதில்லை. வணிகரான தந்தை, வீட்டு நூலகத்தையே மகனுக்கு வகுப்பறையாக்கினார். பெரும் கணித மேதைகளின் நூல்கள் லத்தீனில் இருந்ததால், சிறுவன் அம்மொழியையும் கற்றுக்கொண்டான்.

1793ல், பிரெஞ்சுப் புரட்சியின் கொந்தளிப்பில் தந்தைக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அப்போது ஆம்பியருக்கு வயது 18. ஏறத்தாழ ஓராண்டு அவர் கணிதத்தைத் தொடவே இல்லை. தாவரவியலும் கவிதையும்தான் அவரை மெல்ல மீட்டுக் கொண்டுவந்தன. 1799ல் திருமணம் செய்துகொண்டார். நான்கே ஆண்டுகளில் மனைவியையும் நோய்க்குப் பறிகொடுத்தார். சிறு வயது மகன் இருந்தான். பாரிசுக்குச் சென்று கணிதம் கற்பிக்கத் தொடங்கினார்.

1820 செப்டம்பரில், மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியை அசைக்கிறது என்ற டென்மார்க் அறிஞர் ஓர்ஸ்டெட்டின் கண்டுபிடிப்பு பாரிஸ் அறிவியல் கழகத்தில் செய்து காட்டப்பட்டது. ஒரே வாரத்தில் ஆம்பியர் தம் முதல் விளக்கத்தை அதே அவையில் முன்வைத்தார். ஒரே திசையில் மின்சாரம் பாயும் இரு கம்பிகள் ஈர்க்கும், எதிர்த் திசையில் பாய்ந்தால் விலக்கும் என்று காட்டினார். கம்பியைச் சுருளாகச் சுற்றினால் அது சட்டக் காந்தம்போல் நடந்துகொள்ளும் என்றும் கண்டார். அப்போது அவருக்கு வயது 45. அந்த ஒரு வாரத்துக்குப் பின்னால் முப்பது ஆண்டுக் கணிதப் பயிற்சி இருந்தது.

1836ல் மார்சேயில் அவர் காலமானார். 1881ல் மின்னோட்டத்தின் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பழுதான சோலினாய்டை மாற்றுவது பல கார்களில் எளிய வேலைதான். எஞ்சின் ஆறியதும் மின் இணைப்பைக் கழற்றி, போல்ட்டை அகற்றி, பழையதை வெளியே எடுக்க வேண்டும். புதியதன் ரப்பர் வளையத்தில் சிறிது எண்ணெய் தடவிப் பொருத்த வேண்டும். ஆனால், நல்ல மெக்கானிக் உடனே புதிய பாகத்தைத் தேட மாட்டார். முதலில் மீட்டரை வைத்துச் சுருள் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு எண்ணெய்க் கசடு வழியை அடைத்திருக்கிறதா என்று சோதிப்பார். கசடுதான் காரணம் என்றால், எண்ணெயை மாற்றாமல் சோலினாய்டை மட்டும் மாற்றுவதில் பயனில்லை.

இயற்பியல் பாடத்தில் வரும் கம்பிச்சுருளைத் தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்பவருக்கு அது ஒரு படம். புரிந்துகொண்டவருக்கோ, பழுது எங்கே என்று காட்டும் வழி.