விடியற்காலைக் குரல்

விடியற்காலை நான்கு மணிக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? போர்வைக்குள் சுருண்டு தூங்குவீர்கள், இல்லையா? அந்த நேரத்தில் வானொலியில் பாடி, ஏழைத் தொழிலாளர்களைத் தட்டி எழுப்பிய ஒருவரைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோமா?

அவர் பெயர் பெட்ரோ கோன்சாலஸ். 1895ஆம் ஆண்டு மெக்சிகோ நாட்டில் பிறந்தார். இளம் வயதில், புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவின் படையில் தந்தி அனுப்பும் வேலை பார்த்தார். பிறகு பிழைப்புத் தேடி அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதிக்கு வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அவருக்கு இனிய குரல் இருந்தது. நன்றாகப் பாடுவார்.

அந்தக் காலத்தில் அங்கே வானொலி என்றாலே ஆங்கிலம்தான். விளம்பரக்காரர்கள் விரும்பாத விடியற்காலை நேரம் மட்டுமே ஸ்பானிய மொழிக்குக் கிடைத்தது. கோன்சாலஸ் அதையே நல்வாய்ப்பாக எடுத்துக்கொண்டார். ஏன் தெரியுமா? வயலுக்கும் தொழிற்சாலைக்கும் போகும் மெக்சிகோ மக்கள் அந்த நேரத்தில்தானே கண் விழிப்பார்கள்! 1920களின் இறுதியில், பர்பாங்க் நகர வானொலி நிலையத்தில் அவருடைய நிகழ்ச்சி தொடங்கியது. 'லாஸ் மத்ருகதோரெஸ்' என்பது அவருடைய குழுவின் பெயர். விடியுமுன் எழுபவர்கள் என்று பொருள். நடந்த கதையைப் பாட்டாகச் சொல்லும் 'கொரிடோ' பாடல்களைக் கிட்டார் இசையோடு பாடினார்கள். வேலை எங்கே கிடைக்கும் என்ற செய்தியும் சொன்னார்கள்.

1929இல் பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. வேலை இல்லாத் திண்டாட்டத்துக்கு மெக்சிகோ மக்கள்தான் காரணம் என்று பழி போட்டார்கள். லட்சக்கணக்கானோர் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது. அவர்களில் பலர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்! இது அநீதி என்று கோன்சாலஸ் வானொலியில் துணிந்து பேசினார்.

விளைவு என்ன? 1934இல் பொய்க் குற்றம் சுமத்தி அவரைச் சிறையில் அடைத்தார்கள். எதிராகச் சாட்சி சொன்னவரே, தான் சொன்னது பொய் என்று பிறகு ஒப்புக்கொண்டார். ஆனாலும் மறு விசாரணை கிடைக்கவில்லை. மனைவி மரியா ஊர் ஊராக ஆதரவு திரட்டினார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1940இல் விடுதலை செய்து மெக்சிகோவுக்கு நாடு கடத்தினார்கள்.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. எல்லை ஓரத்தில் உள்ள திஹுவானா நகரிலிருந்து மீண்டும் வானொலியில் ஒலித்தார். 1970களில் அமெரிக்கா திரும்பி, 1995இல் தமது 99ஆம் வயதில் காலமானார்.

பார்த்தீர்களா குழந்தைகளே! யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய நேரத்தைத்தான் அவர் பொன்னாக்கினார். நல்ல குரல் பாடுவதற்கு மட்டுமா? பிறருக்காகப் பேசுவதற்கும்தான்!