பத்து டாலர் பூ

டிசம்பர் 7 அன்று கொடி நாள் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்கிறீர்கள் அல்லவா? சுதந்திரத்துக்கு முன்பு நம் நாட்டில் நவம்பர் 11ல் பாப்பி நாள் இருந்தது. கசகசாச் செடிக்கு உறவான அந்தச் சிவப்புப் பூவின் கதை, மொய்னா மைக்கேல் என்ற ஆசிரியையின் கதைதான். 1869ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர்.

1918 நவம்பர் 9. முதல் உலகப் போர் முடிய இன்னும் இரண்டே நாள். நியூயார்க்கில் ஒய்.எம்.சி.ஏ. பணியில் இருந்த மொய்னா, போர்க்களத்துப் பாப்பிகளைப் பற்றி ஜான் மெக்ரே எழுதிய கவிதையைப் பத்திரிகையில் படித்தார். இறந்த வீரர்கள் நினைவாக இனி எப்போதும் அந்தப் பூவை அணிவது என்று முடிவு செய்தார். அங்கு வந்திருந்தவர்கள் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது 10 டாலர். கடைக்குப் போய் 25 பட்டுப் பாப்பிகள் வாங்கி வந்துவிட்டார்!

போருக்குப் பின் ஊர் திரும்பி, ஊனமுற்ற வீரர்களுக்குப் பாடம் எடுத்தார். இவர்கள் பிழைப்புக்கு என்ன வழி என்ற கவலை அங்கேதான் வந்தது. பூவை விற்று நிதி திரட்டலாமே என்று முனைந்தார். அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் வீரர் சங்கம் 1920ல் பாப்பியை ஏற்றது. வி.எஃப்.டபிள்யூ. என்ற இன்னொரு சங்கம் 1922ல் நாடு முழுவதும் விற்றது. 1924ல் பிட்ஸ்பர்க்கில் ஊனமுற்ற வீரர்களே கூலி வாங்கிக்கொண்டு பூ செய்யத் தொடங்கினார்கள். பேரேடு எழுதிப் பழகிய எனக்குப் பிடித்த இடம் இது: செய்தவருக்குக் கூலி, விற்ற பணம் நலநிதிக்கு.

மொய்னா 1944ல் காலமானார். 1948ல் அவர் படத்தோடு, பக்கத்தில் பாப்பிப் பூக்களும் போட்டு, அமெரிக்கா 3 சென்ட் தபால்தலை வெளியிட்டது.