மால்ட்டாத் தீவின் வக்கீல் என்றிக்கோ மிட்ஸி



அர்ச். சின்னப்பர் கைதியாக உரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட வழியில் கப்பல் உடைந்து, அதிலிருந்த 276 பேரும் உயிர் பிழைத்து ஒரு தீவில் கரையேறிய வரலாற்றை நீங்கள் வேதாகமத்தில் வாசித்திருப்பீர்கள். அந்தத் தீவுதான் மால்ட்டா. சிசிலிக்குத் தெற்கே மத்தியதரைக் கடலில் கிடக்கிறது. பக்கத்துக் கோஸோத் தீவையும் சேர்த்து அளந்தாலும் 316 சதுர கிலோ மீட்டர்தான். பிப்ரவரி 10-ந் தேதி அந்தக் கப்பற்சேதத்தையே அத்தீவார் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று ஒரு கைதியை அன்போடு வரவேற்ற அந்தக் கரையிலிருந்து, பின்னொரு நாள் அத்தீவின் மக்களே கைதிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறோம்.

என்றிக்கோ மிட்ஸி 1885-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி தலைநகரான வலேட்டாவில் பிறந்தார். தந்தை பொர்த்துனாத்தோ மிட்ஸியும் வக்கீல். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து முதலில் ஒரு கட்சியைக் கூட்டியவர் அவரே. மகன் கோஸோக் குருமடத்துப் பள்ளியிலும் மால்ட்டா சர்வகலாசாலையிலும் படித்து, பிறகு இத்தாலிக்குப் போய்ச் சட்டம் கற்று, 1911-ல் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1915-ல் கோஸோ மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள்.

இங்கே மொழிச் சண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் மேலே நடந்தது உங்களுக்கு விளங்காது. மால்ட்டாவில் நெடுங்காலமாகக் கோர்ட்டிலும் படித்தவர் வீட்டிலும் வழங்கியது இத்தாலிய மொழி. ஆண்டவர்கள் ஆங்கிலத்தைப் புகுத்தப் பார்த்தார்கள். ஏழை எளியவர் பேசியதோ அரபி வேரிலிருந்து முளைத்த மால்ட்டிய மொழி. (அம்மொழியில் கத்தோலிக்கர் சர்வேசுரனை அழைக்கும் பெயர் 'அல்லா' என்பது நம்மில் பலருக்கு வியப்பாயிருக்கும்.) மிட்ஸி இத்தாலிய மொழியையே தம் நாட்டின் உயிராக எண்ணினார், இத்தாலியோடு மால்ட்டா சேர வேண்டும் என்றுகூட இளமையில் எழுதினார். குடியானவன் பேசும் மொழியைவிட்டு வக்கீல் பேசும் மொழிக்காகப் போராடியதில் அவர் கணக்குத் தவறிவிட்டது என்பதே எமது அபிப்பிராயம். 1934-ல் மால்ட்டிய மொழியே ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று.

ஆனால் எண்ணம் தவறானது என்பதற்காக ஒருவனைத் தண்டிக்கலாமா? முதல் மகாயுத்தத்தின்போது, 1917 மே மாதத்தில், அவரை ராஜத்துரோகக் குற்றம் சாட்டி ராணுவக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். ஒரு வருஷக் கடுங்காவல் என்று தீர்ப்பாயிற்று. கவர்னர் அதைக் கடுமையான கண்டனமாகக் குறைத்தார். வக்கீல் தொழில் செய்யும் அனுமதியும் பறிக்கப்பட்டு, யுத்தம் முடிந்த பிறகே திரும்பக் கிடைத்தது.

1921-ல் தீவுக்கு உள்நாட்டு சுயாட்சி வந்தது. முதல் தேர்தலில் அதிக இடம் பெற்ற கட்சிக்குத் தலைவர் மொன்சிஞ்ஞோர் பன்சவெக்கியா என்ற குருவானவர். பிரதம மந்திரிப் பதவி வீட்டு வாசலுக்கு வந்தும், தமக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டார்! 1926-ல் அந்தக் கட்சியும் மிட்ஸியின் கட்சியும் சேர்ந்து தேசியக் கட்சியாயின. 1932-ல் அது வென்று, சர் ஊகோ மிப்சூட் பிரதமராகவும் மிட்ஸி கல்வி மந்திரியாகவும் இருந்தார்கள். மறு வருஷமே மொழிச் சண்டையைக் காரணம் காட்டிப் பிரிட்டிஷார் அந்த மந்திரிசபையைக் கலைத்தார்கள்.

இனித்தான் அவருக்குப் பெரிய சோதனை. 1940 மே 30-ந் தேதி, இத்தாலி யுத்தத்தில் இறங்குவதற்குச் சில நாள் முன்பே, அவரைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். மால்ட்டாவின் பிரதம நீதிபதியாயிருந்த சர் ஆர்த்தூரோ மெர்சியேக்காவும், கத்தோலிக்க சேவா சங்கத் தலைவரும் கத்தோலிக்கப் பத்திரிகை ஆசிரியருமான ஹெர்பர்ட் கனாதோவும், குருக்கள் சிலரும் அவ்வாறே பிடிபட்டார்கள். வானத்திலிருந்து குண்டு விழும் காலத்தில் சர்க்காருக்கு அச்சம் உண்டாவது இயல்புதான். ஆனால் இவர்கள்மேல் ஒரு குற்றமும் சாட்டப்படவில்லை, விசாரணையும் இல்லை.

1942-ன் தொடக்கத்தில் இவர்களை ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டாவுக்கு அனுப்புவதென்று கவர்னர் தீர்மானித்தார். சொந்தத் தீவில் பிறந்த பிரிட்டிஷ் பிரஜைகளை நாடு கடத்தச் சட்டத்தில் இடம் ஏது என்று கைதிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். அர்ச். சின்னப்பரும் தாம் உரோமைப் பிரஜை என்று சொல்லி இராயரிடம் அப்பீல் செய்தவர்தானே! பிப்ரவரி 9-ந் தேதி, கப்பற்சேதத் திருநாளுக்கு முந்திய தினம், சட்டசபையில் இது விவாதத்துக்கு வந்தது. சர் ஊகோ மிப்சூட் எழுந்து தம் தோழர்களுக்காக வாதாடினார். அவர் சர்வதேசச் சட்டம் நன்கு அறிந்தவர். பேசிக்கொண்டிருக்கையிலேயே மயங்கி விழுந்தார். இரண்டு நாள் கழித்து மரித்தார். தேசியக் கட்சியார் தவிர ஏனையோர் கவர்னர் பக்கமே நின்றார்கள். 13-ந் தேதி மிட்ஸியையும் மற்றவர்களையும், நாற்பதுக்கு மேற்பட்டவர்களை, கப்பலேற்றினார்கள். எதிரி விமானங்கள் வட்டமிட்ட கடலில் அவர்கள் அலெக்சாந்திரியாப் பட்டணம் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து உகாண்டாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

நாடு கடத்திய உத்தரவு சட்டப்படி செல்லாதென்று மால்ட்டாவின் அப்பீல் கோர்ட்டு பிறகு தீர்ப்புச் சொல்லிற்று. குண்டு விழுகிற ஊரில், கவர்னருக்கு விரோதமாக இப்படித் தீர்ப்பெழுதிய நீதிபதிகளை நாம் மெச்ச வேண்டும். தீர்ப்பு வந்ததே தவிர, கைதிகள் வரவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1945 மார்ச் மாதத்தில்தான் மிட்ஸி சொந்த மண்ணை மிதித்தார். அப்போது அவருக்கு வயது 59.

அவர் சிதறிக் கிடந்த கட்சியைத் திரட்டித் தேர்தலில் நின்றார். 1947-ல் 40 இடங்களில் 7 இடமே கிடைத்தது. 1950-ல் 12. வேறெந்தக் கட்சிக்கும் அதற்குமேல் கிடைக்காததால், செப்டம்பரில், சிறுபான்மையோடு மந்திரிசபை அமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. ராஜத்துரோகி என்றும், ஆபத்தானவரென்றும் தம்மை இரண்டு முறை பிடித்த அதே ஆட்சியின்கீழ் அவர் பிரதம மந்திரியாகச் சத்தியப் பிரமாணம் செய்துகொண்டார். பதவியில் மூன்று மாதம்கூட இருக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன், டிசம்பர் 20-ந் தேதி, பதவியிலிருக்கும்போதே மரித்தார்.

1942-ல் நாடு கடத்தலை எதிர்த்து நின்ற இளைஞர் ஜோர்ஜ் போர்ஜ் ஒலிவியே அவருக்குப்பின் பிரதமரானார். 1964 செப்டம்பர் 21-ந் தேதி மால்ட்டா சுதந்திரம் அடைந்தபோதும் அவரே பிரதமர். மிட்ஸியின் மகனோ அரசியலுக்கு வரவில்லை. பாட்டனாரின் பெயரைத் தாங்கிய பொர்த்துனாத்தோ குருப்பட்டம் பெற்று, 1955-ல் தொழிலாளர் முதலிய எளியவர்களுக்காகச் சமூகச் செயல் இயக்கம் ஒன்றை அத்தீவில் தொடங்கினார்.